மனைவி செப்டம்பரில் எச்-4 விசாவில் வந்தார்: 2025 அமெரிக்க வரி ரிட்டர்ன் ஜாயின்டா (சேர்ந்து), செப்பரேட்டா (தனித்தனியே)?

டல்லாஸ்வாசி

2025 முழுக்க டல்லாஸில் எச்-1பி (வேலை விசா), சம்பளம் 1,20,000 டாலர். கல்யாணம் பிப்ரவரி 2025. மனைவி ஆகஸ்ட் வரை சென்னையில் வேலை பார்த்தார், மாதம் 2 லட்சம் ரூபாய். எஃப்டி வட்டி ஒரு லட்சத்துக்குக் கிட்ட. செப்டம்பர் 14 அன்று எச்-4இல் (எச்-1பி வைத்திருப்பவரின் துணைவருக்கான விசா) வந்து சேர்ந்தார். எஸ்எஸ்என் (சமூகப் பாதுகாப்பு எண்) இல்லை, ஐடிஐஎன்னும் (எஸ்எஸ்என் பெற முடியாதவர்களுக்கான வரி எண்) இல்லை. அலுவலகத்தில் ஒருவர் "நம்பர் இல்லாத மனைவிக்காக அலையாதே, சிங்கிள் என்றே போடு" என்கிறார். இன்னொருவர் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் (குடும்பத் தலைவர்) என்று போடச் சொல்கிறார். எது சரி?

கணக்குப்புலி

இரண்டுமே தப்பு. டிசம்பர் 31 அன்று நீங்கள் மணமானவரா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. மனைவி எந்த ஊரில் இருந்தார், அவருக்கு நம்பர் உண்டா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்களுக்கு சிங்கிள் என்ற கட்டமே கிடையாது.

ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் ஆலோசனை எங்கிருந்து வருகிறது என்றால், மனைவி அந்த ஆண்டில் நான்-ரெசிடென்ட் ஏலியனாக (வரிக்கு அமெரிக்கவாசி அல்லாத வெளிநாட்டவராக) இருந்தால், இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் கணவரை மணமாகாதவராகக் கருதலாம் என்று விதி உண்டு. ஆனால் அதற்குத் தகுதியுள்ள இன்னொருவர், பெரும்பாலும் உங்களுடன் வசிக்கும் குழந்தை, இருக்க வேண்டும். மனைவி அந்தக் கணக்கில் சேரமாட்டார். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குப் பணம் அனுப்புவதை வைத்துப் போடுகிறவர்களும் உண்டு. அவர்கள் அமெரிக்கக் குடிமக்களோ, அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் வசிப்பவர்களோ இல்லையென்றால் டிபெண்டென்ட் ஆகவே முடியாது. பின்னால் கிரீன் கார்டு வேலையில் பழைய ரிட்டர்ன்களைக் கேட்டால் இதே ரிட்டர்ன்தான் மேசைக்கு வரும். கல்யாணமானவர் சிங்கிள் என்று போட்டிருந்தால் அங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆக மிச்சம் இரண்டு: மேரீட் ஃபைலிங் ஜாயின்ட்லி, மேரீட் ஃபைலிங் செப்பரேட்லி.

எடிசன்_ராமு

முதலில் மனைவியின் வரி அந்தஸ்து என்ன என்று பாருங்கள். விசாவை அல்ல, நாட்களை எண்ண வேண்டும். முதல்முறை வருபவர் ஜூலை 2 அன்றோ அதற்கு முன்போ வந்து டிசம்பர் 31 வரை இங்கேயே இருந்தால் 183 நாள் ஆகிவிடும். அப்போது அவர் வந்த நாள் முதல் ரெசிடென்ட், அதற்கு முன் நான்-ரெசிடென்ட். செப்டம்பர் 14 என்றால் 2025 முழுக்க நான்-ரெசிடென்ட்.

நான்-ரெசிடென்ட் மனைவியுடன் ஜாயின்ட் போட, அவரை ஆண்டு முழுக்க ரெசிடென்டாக நடத்தும்படி இருவரும் விருப்பம் தெரிவிக்க வேண்டும். சட்டத்தில் பிரிவு 6013-ஜி. ஜூலை 2க்குள் வந்தவர்களுக்கு அதன் அடுத்த உட்பிரிவு, 6013-எச். எச் வாழ்நாளில் ஒருமுறைதான். ஜி ஒருமுறை எடுத்தால் தொடர்ந்து நிற்கும். அதை ரத்து செய்தால் மறுபடி எடுக்க முடியாது. மனைவி தொடர்ந்து இங்கேயே இருந்தால் 2026இல் இருவரும் முழு ஆண்டு ரெசிடென்ட். எந்த விருப்பக் கடிதமும் வேண்டாம். அதனால் உங்கள் விஷயத்தில் ரத்துப் பிரச்சினை வர வாய்ப்பு குறைவு.

இதற்கு விலை என்ன என்றால், மனைவி ஜனவரி முதல் டிசம்பர் வரை உலகில் எங்கே சம்பாதித்தாலும் அது இந்த ரிட்டர்னுக்குள் வரும். சென்னைச் சம்பளம், எஃப்டி வட்டி, விற்ற நகை, விற்ற நிலம் எல்லாம்.

கணக்குப்புலி

எண்களாகவே பார்ப்போம். 2025 ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் (வருமானத்தில் கழிக்கும் நிலையான தொகை) செப்பரேட்டுக்கு 15,750, ஜாயின்ட்டுக்கு 31,500.

செப்பரேட்: 1,20,000 கழித்தல் 15,750 = 1,04,250. வரி 17,867 டாலர். நான்-ரெசிடென்ட் மனைவிக்கு அமெரிக்க வருமானம் இல்லாததால் அவர் ரிட்டர்ன் போட வேண்டியதில்லை. உங்கள் 1040இல் (வருமான வரி ரிட்டர்ன் படிவம்) அவர் எஸ்எஸ்என் கேட்கும் இடத்தில் என்ஆர்ஏ (நான்-ரெசிடென்ட் ஏலியன்) என்று எழுத வேண்டும்.

ஜாயின்ட்: மனைவியின் எட்டு மாதச் சம்பளம் 16 லட்சம். டாலருக்கு 87 ரூபாய் என்று வைத்தால் சுமார் 18,400 டாலர், வட்டி சுமார் 1,100. மொத்தம் 1,39,500, வரிக்குரியது 1,08,000, வரி 13,588. சென்னைச் சம்பளத்துக்கு ஒரு சலுகையும் கேட்காமலேயே 4,279 டாலர் மிச்சம். ஜாயின்ட்டில் 12 சதவீத அடுக்கு 96,950 வரை நீள்வதுதான் காரணம். செப்பரேட்டில் அது 48,475இல் முடிந்து 22 சதவீதம் தொடங்கிவிடும்.

ஃப்ரீமாண்ட்_தாமரை

சலுகையையும் சேர்த்துப் பார்க்கலாம். சென்னைச் சம்பளத்துக்கு இரண்டு வழி. ஒன்று 2555 படிவத்தில் வெளிநாட்டு உழைப்பு வருமானத்தை விலக்குவது. 2025க்கு முழு ஆண்டு வரம்பு 1,30,000 டாலர். ஏதாவது ஒரு தொடர் 12 மாதத்தில் 330 முழு நாட்கள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். அந்த 12 மாதத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பதால் செப்டம்பரில் வந்தவருக்கு அது சிக்கலில்லை. வரம்பு நாள் விகிதத்தில் குறையும், ஆனால் 18,400க்கு ஏராளம். இரண்டாவது வழி, இந்தியாவில் கட்டிய வரியை 1116 படிவத்தில் கழிப்பது.

எல்லோரும் 1116தான் நல்லது என்பார்கள். இங்கே அப்படி இல்லை. 2025-26 நிதியாண்டில் அவர் சம்பாதித்தது ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை 10 லட்சம்தான். இந்தியாவின் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி உண்டு என்பதால் இந்திய வரி பூஜ்யம். கம்பெனி டிடிஎஸ் பிடித்திருந்தாலும் ஐடிஆர் (இந்திய ரிட்டர்ன்) போட்டால் அது திரும்ப வரும். திரும்ப வரும் பணத்தை இங்கே கிரெடிட்டாகக் காட்டக் கூடாது. கணக்கில் நிற்பது ஜனவரி முதல் மார்ச் வரையிலான பங்கு மட்டும். 2024-25இல் 24 லட்சத்துக்குப் புதிய முறை வரி சுமார் 4.03 லட்சம், அதில் கால் பாகம் ஒரு லட்சம் ரூபாய், அதாவது 1,150 டாலரை ஒட்டி. அதனால் 1116 வழியில் அமெரிக்க வரி சுமார் 12,430.

2555 வழியில், விலக்கிய தொகை அடி அடுக்குகளை முதலில் நிரப்பிவிடும். மிச்சத்துக்கு மேல் அடுக்கு விகிதம். 13,588இலிருந்து 18,400க்கான 1,840ஐக் கழித்தால் 11,748. ஆக 2555தான் இங்கே லாபம். செப்பரேட்டோடு ஒப்பிட்டால் 6,119 டாலர் மிச்சம். எஃப்டி வட்டி உழைப்பு வருமானம் அல்ல, அதை 2555இல் சேர்த்துவிடாதீர்கள். 2555 எடுத்துப் பின் ரத்து செய்தால் ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) அனுமதி இல்லாமல் ஐந்து ஆண்டு மறுபடி எடுக்க முடியாது. அவர் மீண்டும் இந்தியாவில் வேலைக்குப் போகப் போவதில்லை என்றால் அது பெரிய விஷயமல்ல.

டல்லாஸ்வாசி

ஃபார்ம் 16 (இந்தியக் கம்பெனி தரும் சம்பள, வரிச் சான்று) இரண்டு இருக்கிறது, ஏப்ரல்–மார்ச் கணக்கில். அதை எப்படி ஜனவரி–டிசம்பர் ஆக்குவது?

ஃப்ரீமாண்ட்_தாமரை

ஃபார்ம் 16ஐ ஓரமாக வையுங்கள். ஜனவரி முதல் ஆகஸ்ட் வரையான பே-ஸ்லிப் எட்டையும் எடுத்து மொத்தச் சம்பளத்தைக் கூட்டுங்கள். வங்கியில் விழுந்த நிகரத் தொகை அல்ல, பிடித்தத்துக்கு முந்தையது. ரூபாயை டாலராக்க ஐஆர்எஸ் வெளியிடும் அந்த ஆண்டின் சராசரி மாற்று விகிதம் போதும். வட்டிக்கு வங்கி தரும் சான்றிதழ் நிதியாண்டுக் கணக்கில்தான் வரும், ஸ்டேட்மென்ட்டிலிருந்து மாதவாரியாக எடுக்க வேண்டும். முதிர்வில் மொத்தமாக வரும் எஃப்டியில் வட்டியை ஆண்டுதோறும் சேர்ந்த அளவுக்குக் காட்டுவதே முறை. பிபிஎஃப், என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கு) வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, இங்கே உண்டு. முதல் முறை போடுபவர்கள் விடுவது இந்த இரண்டைத்தான்.

பொள்ளாச்சித்தென்னை

இதே நிலைமை, ஒரே ஒரு வித்தியாசம். மனைவி பெயரில் இருந்த கிராமத்துத் தோட்டத்தை ஜூன் 2025இல் விற்றோம். லாபம் 60 லட்சம். விவசாய நிலம் என்பதால் இந்தியாவில் வரி இல்லை என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். அப்போதும் ஜாயின்ட்தானா?

கணக்குப்புலி

கண்ணை மூடிக்கொண்டு ஜாயின்ட் போடக் கூடாது என்பதற்கு உங்கள் கேள்விதான் சரியான உதாரணம்.

கிராமப்புற விவசாய நிலம் இந்தியச் சட்டத்தில் மூலதனச் சொத்தே அல்ல. அமெரிக்கச் சட்டத்தில் அப்படி ஒரு விதிவிலக்கு கிடையாது. ஜாயின்ட் போட்டால் அந்த லாபம் ரிட்டர்னுக்குள் வரும், கழிக்க இந்திய வரியும் இல்லை. டல்லாஸ் நண்பரின் எண்களையே வைத்தால் 60 லட்சம் சுமார் 69,000 டாலர், நீண்டகால லாபம் 15 சதவீதம், 10,350 டாலர் வரி. ஜாயின்ட்டில் மிஞ்சுவதே 6,119தான். 4,000 டாலருக்கு மேல் கைநஷ்டம். இந்த ஒரு ஆண்டு செப்பரேட் போட்டு, 2026இல் ஜாயின்ட்டுக்கு வாருங்கள்.

வீடு விற்று வேறு வீடு வாங்கி பிரிவு 54இல் இந்திய வரியைத் தவிர்த்தவர்களுக்கும் இதே கதி, 54ஐ ஐஆர்எஸ் ஏற்காது. மாறாக இந்தியாவில் 12.5 சதவீதமும் செஸ்ஸும் கட்டியிருந்தால் அது இங்கத்திய 15 சதவீதத்தில் பெரும்பகுதியைக் கழித்துவிடும். அப்போது ஜாயின்ட்டே லாபமாகலாம். இந்தியாவில் வரி இல்லை என்று ஊரில் சந்தோஷப்பட்ட ஒவ்வொரு ரூபாயையும் இங்கே சந்தேகத்தோடு பாருங்கள்.

எடிசன்_ராமு

ஒரு திருத்தம். அந்த நிலம் அவருக்கு எப்படி வந்தது என்று கேட்காமல் 69,000 என்று முடிவு கட்டக் கூடாது. தந்தை இறந்து வாரிசாக வந்ததென்றால் அமெரிக்கக் கணக்கில் அடக்க விலை என்பது இறந்த நாளின் சந்தை மதிப்பு. தாத்தா வாங்கிய விலை அல்ல. 2019இல் வந்த நிலமென்றால் லாபம் மிகச் சுருங்கிப்போகலாம். ஆனால் அப்பா உயிரோடு இருக்கும்போதே செட்டில்மென்ட் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் அது கொடை. கொடுத்தவரின் பழைய அடக்க விலையே தொடரும். வாரிசு என்றால் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் அந்தத் தேதிக்கான மதிப்பீடு வாங்கி வையுங்கள். அரசு வழிகாட்டி மதிப்பை அப்படியே போட்டால் சந்தை மதிப்பைவிடக் குறைவாக அமைந்து உங்கள் லாபத்தை வீணாகக் கூட்டும்.

பொள்ளாச்சித்தென்னை

செட்டில்மென்ட்தான். 2016இல் மாமனார் எழுதிக் கொடுத்தது. அப்படியானால் செப்பரேட்.

சியாட்டில்_மழை

எண்களை மட்டும் பார்த்து எல்லோரும் ஜாயின்ட்டுக்குத் தாவுகிறீர்கள். மியூச்சுவல் ஃபண்ட் பற்றி யாரும் பேசவில்லை. ஜாயின்ட் போட்ட ஆண்டு முழுக்க மனைவி வரிக்கு ரெசிடென்ட். அவருடைய எஸ்ஐபி எல்லாம் பிஎஃப்ஐசி (தனிக் கடும் வரி விதி உள்ள வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம்). அந்த ஆண்டில் விற்றிருந்தால் லாபத்துக்கு 15 சதவீதச் சலுகை விகிதம் கிடையாது, சாதாரண வருமான விகிதம். ஃபண்டுக்கு ஒன்றாக 8621 படிவம். எட்டு ஃபண்ட் வைத்திருப்பவருக்கு கணக்கர் கேட்கும் கட்டணத்திலேயே மிச்சம் போய்விடும். எஃப்பார் (வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கை) தலைவலி வேறு.

கணக்குப்புலி

பாதி சரி. விற்கவில்லை, டிவிடெண்டும் வரவில்லை, ஆண்டுக் கடைசியில் இருவரின் பிஎஃப்ஐசி மொத்த மதிப்பு 50,000 டாலருக்குள் என்றால், ஜாயின்ட் ரிட்டர்னில் 8621 போட வேண்டியதில்லை. செப்பரேட்டில் அந்த வரம்பு 25,000. விற்றிருந்தால் நீங்கள் சொல்வதுதான்.

எஃப்பார் விஷயத்தில் மாறுபடுகிறேன். எஃப்பார் கடமை நாள் எண்ணிக்கை வழியிலான ரெசிடென்ட் அந்தஸ்தைப் பார்க்கிறது, 6013-ஜி விருப்பத்தைப் பார்ப்பதில்லை. அதனால் 2025க்கு மனைவியின் தனிக் கணக்குகளுக்கு எஃப்பார் இல்லை. கணவர் பெயர் இருக்கும் கூட்டுக் கணக்கு கணவரின் எஃப்பாரில் முழுத் தொகைக்கும் வரும். எல்லாக் கணக்கும் சேர்த்து ஆண்டில் ஏதாவது ஒரு நாள் 10,000 டாலர் தாண்டினால் கட்டாயம். 8938 படிவம் (வெளிநாட்டு நிதிச் சொத்து அறிக்கை) வேறு மாதிரி, அது ஜி விருப்பத்தையும் பார்க்கும். அமெரிக்காவில் வசிக்கும் ஜாயின்ட் தம்பதிக்கு ஆண்டின் கடைசி நாளில் 1,00,000 அல்லது இடையில் எப்போதாவது 1,50,000 டாலர் தாண்டினால் போட வேண்டும். செப்பரேட்டுக்கு இதில் பாதி.

இன்னும் விமானம் ஏறாதவர்களுக்கு: ஃபண்டுகளை விற்பதென்றால் வருவதற்கு முன்பே விற்று, அந்த ஆண்டு செப்பரேட் போட்டால் அந்த லாபம் அமெரிக்கக் கணக்கில் வராது. ஜாயின்ட் லாபம் அதைவிடப் பெரிதா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

டல்லாஸ்வாசி

மனைவியின் எஸ்ஐபி மொத்தம் 9 லட்சம், விற்கவில்லை. ஜாயின்ட்தான் என்று முடிவு. ஐடிஐஎன் எப்படி? பாஸ்போர்ட்டை அனுப்பப் பயமாக இருக்கிறது.

எடிசன்_ராமு

அசல் பாஸ்போர்ட்டை அனுப்ப வேண்டாம். ஐஆர்எஸ் அங்கீகரித்த சான்றளிக்கும் முகவரிடமோ, முன்பதிவு செய்து ஐஆர்எஸ்ஸின் வரி உதவி மையத்திலோ காட்டினால் சரிபார்த்துக் கையோடு திருப்பித் தருவார்கள். நோட்டரி கையெழுத்திட்ட நகல் செல்லாது. 

டபிள்யூ-7இல் (ஐடிஐஎன் விண்ணப்பப் படிவம்) காரணம் 'இ', அதாவது ரெசிடென்ட் ஏலியனின் துணைவர். 'பி' தானே ரிட்டர்ன் போடும் நான்-ரெசிடென்டுகளுக்கு. டபிள்யூ-7ஐத் தனியாக அனுப்பக் கூடாது. 1040க்கு மேல் வைத்து ஒன்றாக அனுப்ப வேண்டும். 1040இல் அவர் நம்பர் கட்டத்தைக் காலியாக விடுங்கள். நான்-ரெசிடென்ட் துணைவரை ரெசிடென்டாக நடத்துவதற்கு ஃபைலிங் ஸ்டேட்டஸ் பகுதியிலேயே இப்போது ஒரு பெட்டி உண்டு, அதில் டிக் செய்து பெயர் எழுதுங்கள். பெட்டியோடு நிற்காமல் விருப்பக் கடிதமும் வேண்டும்: டிசம்பர் 31, 2025 அன்று ஒருவர் ரெசிடென்ட், மற்றவர் நான்-ரெசிடென்ட், இருவரும் ஆண்டு முழுக்க அமெரிக்க ரெசிடென்டாக நடத்தப்பட விரும்புகிறோம், இருவர் பெயர், முகவரி, நம்பர் (அவருக்கு 'டபிள்யூ-7 இணைப்பில்'), இருவர் கையெழுத்து. 1040இலும் இருவரும் பேனாவால் கையெழுத்திட வேண்டும்.

பெயரில் கவனம். நம்மவர் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கும், விசாவில் எஃப்என்யூ (முதற்பெயர் தெரியாது) என்று அடித்திருப்பார்கள். டபிள்யூ-7, 1040, விருப்பக் கடிதம் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்துப் புழங்கினாலும் பாஸ்போர்ட்டில் உள்ளதையே எழுதுங்கள்.

எல்லாம் ஆஸ்டினில் உள்ள ஐடிஐஎன் பிரிவுக்குப் போகும். ஏழு வாரம் என்பார்கள். ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரை 9 முதல் 11 வாரம். கிடைத்தால் சிபி565 கடிதம், மேலும் ஆவணம் கேட்டால் சிபி566, நிராகரித்தால் சிபி567. பின்னாளில் இஏடி (வேலை அனுமதி அட்டை) வந்து எஸ்எஸ்என் கிடைத்தால் ஐடிஐஎன்னைப் புழங்குவதை நிறுத்தி ஐஆர்எஸ்ஸுக்கு எழுதி இரண்டையும் இணைக்கச் சொல்லுங்கள்.

சான்ஹோசே_இருசம்பளம்

இடையில் ஒரு கேள்வி. இருவரும் பல ஆண்டாக ரெசிடென்ட், ஆளுக்கு 1,60,000. செப்பரேட் போட்டால் ஏதாவது லாபமா?

ஃப்ரீமாண்ட்_தாமரை

அடுக்குகளில் ஒரு பைசா வித்தியாசம் வராது. சம சம்பளத்தில் செப்பரேட் என்பது ஜாயின்ட்டின் சரிபாதிதான். இழப்புதான் உண்டு: ஒன்றாக வசித்துக்கொண்டு செப்பரேட் போட்டால் ராத் ஐஆர்ஏ (ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) வரம்பு 10,000 டாலர் வருமானத்திலேயே முடிந்துவிடும், குழந்தைக் காப்பக கிரெடிட்டும் கல்விக் கிரெடிட்டும் போய்விடும், பங்கு நஷ்டத்தில் 3,000க்குப் பதில் 1,500, ஒருவர் ஐட்டமைஸ் செய்தால் (செலவுகளைத் தனித்தனியே காட்டிக் கழித்தால்) மற்றவருக்கு ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் பூஜ்யம். கலிஃபோர்னியா சமூகச் சொத்து மாநிலம் என்பதால் 8958 படிவத்தில் இருவர் சம்பளத்தையும் கூட்டிப் பாதி பாதியாகப் பிரிக்கவும் வேண்டும். வருமானத்தை ஒட்டித் தவணை நிர்ணயிக்கும் கல்விக்கடன் பெரிதாக இருந்தால், ஒருவருக்கு ஐஆர்எஸ் பழைய பாக்கி இருந்தால், கல்யாணமே கோர்ட்டில் இருந்தால் செப்பரேட்டை யோசிக்கலாம். ஜாயின்ட் கையெழுத்து என்றால் முழு வரிப் பாக்கிக்கும் இருவருமே பொறுப்பு.

பொள்ளாச்சித்தென்னை

நாங்கள் ஆஸ்டின். டெக்சாஸும் சமூகச் சொத்து மாநிலம்தானே? செப்பரேட் போட்டால் என் சம்பளத்தில் பாதி மனைவி பேரில் போகுமா?

கணக்குப்புலி

போகாது. துணைவர் நான்-ரெசிடென்ட், ஜி, எச் எதுவும் எடுக்கவில்லை என்றால் பிரிவு 879 குறுக்கே வரும்: உழைத்துச் சம்பாதித்தது உழைத்தவருக்கே. உங்கள் டபிள்யூ-2 (கம்பெனி தரும் சம்பளச் சான்று) முழுக்க உங்கள் ரிட்டர்னில். 8958 போட்டுப் பாதியாக்கிவிடாதீர்கள், மென்பொருள் சில சமயம் கேட்கும்.

மாணவமணி

அக்டோபர் 1இல் எனக்கு எச்-1பி ஆனது. மனைவி இன்னும் எஃப்-1 (மாணவர் விசா), வருமானம் இல்லை. ஜாயின்ட் முடியுமா?

எடிசன்_ராமு

நேராக முடியாது, சுற்றுவழி உண்டு. அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை 92 நாள்தான், நீங்களே நான்-ரெசிடென்ட். ஆண்டுக் கடைசியில் ஒருவராவது ரெசிடென்டாக இருந்தால்தான் ஜி எடுக்கலாம். அதற்கு முதலாண்டுத் தேர்வு (வந்த ஆண்டிலேயே ரெசிடென்டாகக் கருதப்படும் விருப்பம்) என்று ஒன்று உண்டு. ஆனால் 2026இல் நாள் கணக்கு நிறைந்த பிறகே ரிட்டர்ன் போட முடியும்: 92இல் மூன்றில் ஒரு பங்கு 30.67, 183க்கு மீதி 153 நாள், வெளியூர் போகாமல் இருந்தால் ஜூன் 2. ஏப்ரலில் 4868 போட்டு நீட்டிப்பு வாங்குங்கள். கட்ட வேண்டிய வரி இருந்தால் ஏப்ரல் 15க்குள் கட்டிவிடுங்கள். ஜூனில் முதலாண்டுத் தேர்வுக் கடிதம், ஜி விருப்பக் கடிதம் இரண்டோடும் ஜாயின்ட். மனைவிக்குப் பின்னால் ஓபிடியில் (மாணவர் விசாவில் தரும் வேலைப் பயிற்சி அனுமதி) வேலை கிடைத்தால், ஜி எடுத்ததால் எஃப்-1க்குரிய சமூகப் பாதுகாப்பு வரி விலக்கு போய்விடாது. அந்த விருப்பம் வருமான வரிக்கு மட்டும்தான்.

டல்லாஸ்வாசி

கடைசியாக ஒன்று. ஏப்ரல் 15க்குள் முகவரிடம் நேரம் கிடைக்காவிட்டால்?

கணக்குப்புலி

4868 போட்டால் அக்டோபர் 15 வரை நேரம். அதுவும் முடியாவிட்டால் செப்பரேட் போட்டுவிட்டு, ஏப்ரல் 15இலிருந்து மூன்று ஆண்டுக்குள் 1040-எக்ஸ் (திருத்தப் படிவம்) வழியாக ஜாயின்ட் ஆக்கலாம், டபிள்யூ-7ஐயும் அப்போதே இணைக்கலாம். தலைகீழாக முடியாது: ஜாயின்ட் போட்டபின் செப்பரேட்டுக்குத் திரும்ப ஏப்ரல் 15தான் கடைசி.

2026க்கான டபிள்யூ-4ஐ (சம்பளத்தில் வரி பிடிக்கக் கம்பெனிக்குத் தரும் படிவம்) இப்போதே மேரீட் ஜாயின்ட் என்று மாற்றிக் கொடுங்கள். மனைவி வேலைக்குச் சேரும் அன்று இருவர் டபிள்யூ-4இலும் இரண்டாம் படியில் உள்ள பெட்டியை டிக் செய்ய வேண்டும். அதை விட்டால் இரண்டு கம்பெனியும் தனித்தனியே 2026க்கான முழு 32,200ஐக் கழித்துப் பிடித்தம் செய்யும், அடுத்த ஏப்ரலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

டல்லாஸ்வாசி

சரி. டல்லாஸில் முகவருக்கு நாள் வாங்கிவிட்டேன். பே-ஸ்லிப் எட்டில் மே மாதத்தது மட்டும் இல்லை, கம்பெனியிடம் கேட்டிருக்கிறோம்.

ஃப்ரீமாண்ட்_தாமரை

வராவிட்டால் ஏப்ரல்–ஆகஸ்ட் ஃபார்ம் 16 மொத்தத்திலிருந்து மற்ற நான்கு மாதத்தைக் கழித்தால் மே கிடைத்துவிடும்.